இருபத்தெட்டிலேயே நின்றுவிட்டவரின் ஊருக்கு

கல்முனையிலிருந்து விடிவதற்குள் புறப்பட்டோம், நானும் என் மனைவி நஸீராவும். மட்டக்களப்பு வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். அங்கே பஸ் மாறி, கடலோரமாக வாகரை, வெருகல், மூதூர் வழியாகக் கிண்ணியா. திருகோணமலைத் துறைமுகத்தின் தென்கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது.

இந்தப் பயணம் நஸீரா ஒவ்வொரு வருடமும் தன் தம்பியுடன் போய்வருவாள். இந்த முறை தம்பிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. "நீங்க வரத் தேவல்ல, நான் தனியப் போவன்" என்றாள். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.

நாங்கள் போவது அவளுடைய முதல் கணவரின் வீட்டுக்கு, அவருடைய நினைவு நாளுக்கு. டொக்டர் ரிஸ்வான். இராணுவ வைத்தியப் பிரிவில் இருந்தவர். போர்க்காலத்தில், வடக்கிலிருந்து காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்த கப்பலோடு கடலில் மூழ்கிப் போனார். கலியாணமாகி நாலு மாதம். உடல் கிடைக்கவில்லை. "காணாமற்போனவர்" என்று மட்டுமே அறிவித்தார்கள். அதனால் நஸீராவுக்கு விதவையாக இருக்கக்கூட உடனே முடியவில்லை. காழி நீதிமன்றம் அவரை இறந்தவர் என்று தீர்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு விதவையின் காத்திருப்புக் காலமான இத்தா இருந்து, அதன் பிறகுதான் எனக்கு மனைவியானாள். அதற்கும் இப்போது இருபத்தாறு வருடம். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் கலியாணம் முடித்துவிட்டார்கள்.

அவரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் இந்த இருபத்தாறு வருடமும் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "ஈரத் துணியால துடைச்சா போதும், டொக்டர் அப்பிடித்தான் செல்லுவார்" என்பாள். பெயர் சொல்லமாட்டாள். டொக்டர் என்றால் அவர். எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தம், முன்பல் இரண்டு கட்டியது. அவருக்கு எப்போதும் இருபத்தெட்டு.

மட்டக்களப்பில் கிடைத்த பஸ் தனியாருடையது. ஒருவருக்கு ஐந்நூற்றுச் சொச்சம். வாழைச்சேனை தாண்டியதும் சனம் குறைந்து, வலப்பக்கம் சவுக்குமரங்களுக்கு இடையில் கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். வாவி கண்ணாடிபோல் கிடந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் நான். பாலத்தைக் கண்டால் தூணைப் பார்ப்பேன், ஆற்றைக் கண்டால் மட்டத்தைப் பார்ப்பேன். வெருகல் ஆறு நிறைந்து சேற்று நிறத்தில் ஓடியது. முன்பு இங்கே பாதை என்கிற மிதவைப் படகில்தான் வாகனங்களை ஏற்றிக் கடப்பார்கள், அரை நாள் போய்விடும் என்று நஸீராவுக்குச் சொன்னேன்.

"ஓம், டொக்டரும் நானும் வந்த நேரம் அந்தப் பாதையிலதான் வந்த" என்றாள்.

அதன் பிறகு தோப்பூர் வரை நான் எதையும் விளக்கவில்லை. வயல்களில் நெல் கதிர்விடும் பருவத்தில் பொத்திக் கட்டியிருந்தது. சந்தையில் இறங்கிப் பிளேன்டீ குடித்தோம், ஒன்று அறுபது ரூபாய். சம்பூருக்குத் திரும்பும் சந்தியில் இரண்டு பெண்கள் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஏறினார்கள். மூதூரில் பஸ் பாதி காலியானது.

கிண்ணியாவில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்தேன். முகவரி சொல்ல வாயெடுப்பதற்குள் ஓட்டுநர் நஸீராவைப் பார்த்துவிட்டு, "டொக்டர்ட வீட்டுக்குத்தானே? ஏறுங்க" என்றார்.

"இந்த ஊர்ல ஆஸ்பத்திரி நிறைய டொக்டர்மார் இருக்காங்களே தம்பி, எந்த டொக்டர் என்டு கேக்கல்லியே?" என்றேன்.

"அவங்களுக்கெல்லாம் பேர் இரிக்கு சேர். டொக்டர்ட வீடு என்டா இதான்."

அந்தப் பையனுக்கு முப்பது வயது இருக்காது. டொக்டர் கடலில் போனபோது அவன் பிறந்தே இருக்கமாட்டான். கல்முனையில் ஆட்டோக்காரரிடம் என் பெயரைச் சொன்னால், பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

வீடு பழையது, முன்னால் கொய்யாமரம். டொக்டரின் உம்மா வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். நஸீராவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்ட மகள், மெலிஞ்சி போனாயே" என்றார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக இந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் வராமல் இருந்தேன் என்று அப்போது விளங்கியது.

"மருமகன்தானே?" என்றார். "உள்ளுக்கு வாங்க மருமகன். வெயில்ல நிக்காம."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மண்டபத்தில் படம் இருந்தது. சீருடை, மெல்லிய மீசை, ஒரு பக்கம் லேசாகக் கூடிய சிரிப்பு. அழகானவர். நான் எதிர்பார்த்ததைவிட அழகானவர். நான் பார்ப்பதை நஸீரா பார்த்தாள். இருவரும் வேறு பக்கம் திரும்பினோம்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். அதன் பின் சாப்பாடு. சகன் என்கிற பெரிய சோற்றுத் தட்டு ஒன்றுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்தோம். என் சகனில் டொக்டரின் தம்பி பைரூஸ், ஒரு மௌலவி, இன்னொருவர் சுனில். சுனில் சிங்களவர், கந்தளாய்க்காரர். டொக்டரோடு அந்தக் கப்பலில் தாதி உதவியாளராக இருந்து உயிர்தப்பியவர். வருடந்தோறும் இந்த நாளில் தயிர்ச் சட்டிகளோடு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவாராம். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆஸ்பத்திரி வார்டில் கற்ற தமிழ்.

சாப்பிடும்போதே பைரூஸ் கதையைச் சொன்னார். வருடந்தோறும் சொல்லும் கதை என்று கேட்கும்போதே தெரிந்தது, ஏனென்றால் உம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. கப்பல் அடிபட்டதும் எல்லாரும் மேல்தட்டுக்கு ஓடினார்கள். நடக்க ஏலாத இரண்டு காயக்காரர் கீழே. அவருடைய அண்ணன், ரிஸ்வான் நானா, சிரித்த முகத்தோடு, "நீங்க போங்க, நான் வாறன்" என்றார். கலிமாவைச் சொல்லிக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்தில் நஸீரா தலையைக் குனிந்தபடி இருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. சாகப்போகும்போது சிரிப்பவனோடு யார் போட்டியிட முடியும்? நான் வாய்க்கால் வெட்டினேன், மதகு கட்டினேன், பிள்ளைகளைப் படிப்பித்தேன், கறிக்கு உப்புக் கூடினால் சத்தம் போட்டேன்.

பின்னேரம் சுனில், "சேர் துறைமுகம் பார்த்ததில்லையா? வாங்க காட்டுறேன்" என்றார். அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன். கிண்ணியாப் பாலம் ஏறத்தாழ நானூறு மீற்றர் நீளம். நடுவில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் தம்பலகாமத்துக் களப்பு, மறுபக்கம் கொட்டியாரக் குடா. சீனக்குடா தாண்டினால், பச்சை மலைகளுக்கு நடுவில் உள்துறைமுகம் விரிகிறது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. இவ்வளவு ஆழமான, இவ்வளவு அமைதியான தண்ணீரை நான் எந்தக் குளத்திலும் கண்டதில்லை. நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடுபோல் திரிந்தன. ஒன்று பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்றது.

கரையோரச் சுவரில் உட்கார்ந்தோம். இங்கிருந்துதான் அவர்கள் வடக்கே புறப்பட்டார்கள் என்று சுனில் கையைக் காட்டினார்.

நான் கேட்டுவிட்டேன். நாள் முழுக்க நாக்கின் கீழ் வைத்திருந்த கேள்வி. "சுனில், அவர் மெய்யாவே சிரிச்சாரா?"

எனக்கு வேண்டியது ஒரு கீறல். அந்தப் படத்தில் ஒரு சின்னக் கீறல்.

சுனில் என் பக்கம் திரும்பினார். "சேருக்கு மெய் வேணுமா, அம்மாவுக்கு நான் சொன்ன கதை வேணுமா?"

"மெய்."

"இத்தனை வருசம் ஒருத்தரும் கேக்கல்லை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். "டொக்டர் சேருக்குக் கடல் ஒத்துவராது. கப்பல் ஏறினா வாந்தி. அந்த முறையும் போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. வாளியைப் பக்கத்துல வெச்சிக்கிட்டுத்தான் காயத்துக்கு மருந்து கட்டினார். விடியுற நேரம் அடிபட்டது. கப்பல் சாய்ஞ்சது. டொக்டர் சேர் அழுதார் சேர். சின்னப் பிள்ளை மாதிரி. உம்மா, உம்மா எண்டு சத்தம் போட்டு அழுதார். கை நடுங்குது. மிதவைச் சட்டையை நான்தான் கட்டிவிட்டேன்."

"பிறகு?"

"கீழ ரெண்டு பேர் கத்துற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் போக மாட்டேன் எண்டு தலையாட்டினேன். பொய் சொல்லல்லை சேர், எனக்கும் பிள்ளை இருந்தது. அவர் இறங்கிப் போனார். ஒருத்தனை இழுத்துக்கொண்டு வந்து என் கையில தந்தார். அவன் இப்பவும் இருக்கிறான், குருணாகலில. திரும்பவும் இறங்கப் பார்த்தார். படிவாசல் ஒடுக்கம், மிதவைச் சட்டையோட ஆளைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. கழற்றினார். அப்பவும் அழுதுகொண்டுதான். கழற்றி என்கிட்ட தந்திட்டுப் போனார். அதோட கப்பல் புரண்டது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது, உங்க மகன் உங்களைக் கூப்பிட்டு அழுதார் எண்டு? சிரிச்சார் எண்டு சொன்னேன்."

நான் கேட்க நினைத்த இன்னொன்றும் இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "அவர்ட மனைவியைப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"இல்லை சேர். உம்மாவைத்தான்."

எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. எழுத நாணமாக இருக்கிறது, ஆனால் எழும்பியது உண்மை. நஸீராவின் பெயரை அவர் சொல்லவில்லை. அழுதிருக்கிறார், வாந்தி எடுத்திருக்கிறார். இதைக் கொண்டுபோய் அவளிடம் சொன்னால் படம் கொஞ்சம் சிறிதாகும் என்று கணக்குப் போட்டேன். கிண்ணியாவுக்குத் திரும்பும்வரை அந்தக் கணக்கிலேயே இருந்தேன். பாலத்தைக் கடந்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை உம்மா பொரித்த மீனும் சோறும் கட்டித் தந்தார். "அடுத்த வருசம் நான் இரிப்பனோ தெரியா. மகளை நீங்களே கூட்டி வாங்க மருமகன்" என்றார். சுனில் சொன்னதை இவருக்கு நான் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பஸ் தோப்பூர் தாண்டியதும் நஸீராவிடம் சொன்னேன். நல்ல எண்ணத்தோடு சொல்லவில்லை. முதலில் வாந்தியைச் சொன்னேன், பிறகு அழுகையை. "உம்மா, உம்மா எண்டுதான் கத்தினாராம். உன்ட பேரைச் செல்லல்லையாம்" என்று அதையும் சேர்த்தேன். மிதவைச் சட்டையைக் கடைசியில்தான் சொன்னேன், மறைக்க முடியாததால்.

அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கோபம் என்று நினைத்தேன்.

"அழுதாரா?" என்றாள்.

"ஓம்."

"என்ட பேரை எப்பிடிச் செல்லுவார்? நாலு மாசத்துல அவர் வீட்ட நிண்டது பத்தொன்பது நாள். அவருக்கு என்னத் தெரியாது. எனக்கும் அவரத் தெரியாது." யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கடல் ஒத்துவராது என்டே எனக்குத் தெரியாதுங்க. சிரிச்சிக்கொண்டு போனார், சிரிச்சிக்கொண்டு போனார் என்டு எல்லாரும் செல்லுவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கோபம் இருந்த. கலியாணம் முடிச்சி நாலு மாசமானவளை உட்டுட்டு எப்பிடி ஒரு ஆம்புளையால சிரிக்க ஏலும்? அந்த மனிசனுக்காக எனக்கு அழுகையே வாறல்ல. வருசா வருசம் மாமிக்காகத்தான் வாறன். அவர்ட குரல்கூட எனக்கு மறந்து பெயித்து."

"பிறகு ஏன் எப்ப பார்த்தாலும் டொக்டர் செல்லுவார், டொக்டர் செல்லுவார் என்டு?"

"எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதானே" என்றாள், ஆச்சரியத்தோடு. "நீங்க அதுக்கு மூஞ்ச நீட்டுறது எனக்குத் தெரியும். கேட்டா செல்லியிருப்பன். நீங்க கேக்கல்ல."

வெருகல் பாலத்தில் பஸ் ஏறியபோது அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. "பயந்திட்டுப் போயிருக்கார்" என்றாள். "பயந்து பயந்து போயிருக்கார் பாவம். சின்னப் பொடியன்." எங்கள் மூத்த மருமகனுக்கு இப்போது முப்பத்தொன்று. அவரைவிடச் சின்னவர் அந்த டொக்டர்.

அவரைச் சிறிதாக்கத்தான் சொன்னேன். இத்தனை வருடம் படச்சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தவரை இறக்கி, கை நடுங்குகிற ஒரு பையனாக அவள் பக்கத்தில் உட்காரவைத்தவன் நான்தான். அவளுக்கு அவரை அறிமுகப்படுத்தியவனும் நான்தான். பொறாமை தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. இப்போதுதான் அதற்குச் சரியான ஆள் கிடைத்திருக்கிறார். இடிந்து விழும் மதகுக்குள் அழுதுகொண்டே இரண்டாம் முறை இறங்குவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முதல் முறையே சந்தேகம்.

கதிரவெளியில் கடல் மறுபடி தெரிந்தது. நஸீரா என் தோளில் தலையைச் சாய்த்தாள், இன்னும் அவருக்காக அழுதபடி. இருபத்தாறு வருடத்தில் பஸ்ஸில், ஆட்கள் பார்க்க, அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. என் சட்டையின் தோள் நனைந்தது. வாகரை தாண்டும்போது என் கை மரத்துப்போனது. நடத்துநர் பணம் கேட்டு வந்து நின்றார். மற்றக் கையால் சட்டைப்பையைத் துழாவினேனே தவிர, தோளை அசைக்கவில்லை.