இல்லாத மாத்திரை

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை அக்கா என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் எந்த வழியில் கெட்டுப்போகிறார்கள், எது அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று அளந்து சொல்கிற அலுவலகம் அது. வகுப்பு வகுப்பாகப் படிவங்கள் வரும். பெயர் எழுத வேண்டாம், கட்டத்தில் குறி போட்டால் போதும். அவற்றில் புளுகுப் படிவங்களைப் பொறுக்கி எறிவது பதினொரு வருடமாக அவள் வேலை.

அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. சிகரெட், மது, போதை ஊசி என்று கேட்டுக்கொண்டே வரும் வரிசையில் கெர்டலான் என்று ஒரு மாத்திரையையும் செருகியிருந்தார்கள். உலகத்தில் அப்படியொரு மாத்திரையே கிடையாது. பெயர் வைத்தவளே அவள்தான். அதைச் சாப்பிட்டேன் என்று குறி போட்டிருந்தால் மற்றதும் அளப்புதான் என்று முழுப் படிவத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவாள். "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது" என்று சொல்லித்தான் போடுவாள். இந்த ரகசியத்தை வீட்டில்கூட அவள் மூச்சுவிட்டதில்லை. வேலையில் அப்படியொரு நாணயம்.

அந்த அக்கறையில் பாதியாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். திரும்பி வந்தாலே தலைவலி. பதினைந்து வயது மகள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றால், "நாள் பூரா கேள்வியாத்தான் பாக்குறேன், வீட்லயாவது விடுடி" என்பாள். மகளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு வந்த கட்டுக்குள் ஒரு படிவம். திருட்டு, ஆம். கத்தி, ஆம். கெர்டலான், அதுவும் ஆம். ஒரே ஓரிடத்தில்தான் 'இல்லை': வீட்டில் மனம்விட்டுப் பேச யாராவது உண்டா என்ற கேள்வியில். "இது படிவமா, போலீஸ் ஸ்டேஷன் பதிவேடா?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினாள். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். படிவம் பெட்டிக்குப் போனது.

சாயங்காலம் சாப்பிடும்போது மகள் சொன்னாள். "போன வாரம் எங்க கிளாஸ்ல உங்க ஆபீஸ் படிவம் குடுத்தாங்கம்மா."

"நிஜத்த எழுதினியா?"

"எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டேன். ஒரே ஒரு கேள்விக்குத்தான் இல்லைன்னு போட்டேன்."

அவள் கை தட்டிலேயே நின்றது. "பைத்தியமாடி ஒனக்கு? ஏன் அப்படிப் போட்ட?"

"ஒண்ணே ஒண்ணுக்கு ஆமான்னா யார் கண்ணுல படும்? எல்லாத்துக்கும் போட்டா, யார் இந்தப் பொண்ணுன்னு தேடி வருவாங்கன்னு நெனச்சேன்." தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "யாரும் வரல."

தேடிப்போயிருக்க வேண்டியவள் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். அறுபது கேள்விகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் மகளுக்கு நிஜமாகவே 'ஆம்' ஆன அந்த ஒன்று எது? பெற்ற பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. வாயைத் திறந்தால் படிவத்தின் வாசகமே வந்தது.

"கடந்த முப்பது நாட்களில், வீட்டிலிருந்து பணத்தை..."

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"கடந்த முப்பது நாட்களில், யாராவது உன்னை அடித்து..."

அதற்கும் இல்லை. நாற்பத்தொன்றாம் கேள்வி வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துக் கேட்டாள். முப்பத்தொன்பது, இல்லை. நாற்பது, இல்லை. அடுத்தது நாற்பத்தொன்று.

"கடந்த முப்பது நாட்களில், உயிரோடு இருந்து என்ன..."

கேள்வி முடியவில்லை.

"ஆமாம்மா" என்றாள் மகள்.