அக்காவின் நெஞ்சும் எதிர்மாடி டவரும்

கம்பெனிகளுக்காக மொபைல் டவர்களின் கதிர்வீச்சை அளப்பது என் வேலை. மீட்டரை முக்காலியில் பொருத்தி, அலைகளின் அளவு அரசு வைத்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை நான் ஏறாத மொட்டைமாடி குறைவு. இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்? காற்றில் என்ன இருக்கிறது என்று ஊரே வாய்க்கு வந்ததைப் பேசும்போது, அளந்து பார்த்தவளுக்குத் திமிர் வராமல் என்ன செய்யும்?

ஆனால் மட்டாஞ்சேரியில், நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவில், அந்தத் திமிரெல்லாம் செல்லாது. அங்கே நான் மில்லுக்காரச் சேச்சியின் தங்கச்சி. அவ்வளவுதான்.

அக்கா மசாலா மில் நடத்துகிறாள். மல்லி, மிளகாய், மஞ்சள், புட்டுக்கு அரிசி, எல்லாம் அரைத்துக் கொடுப்பாள். அத்தான் இறந்தபின் அந்த மில்லை வைத்துத்தான் மகனைப் படிக்கவைத்தாள். அவன் இப்போது மனைவியோடு திருப்பூணித்துறையில் ஃப்ளாட்டில் இருக்கிறான். போன வருஷம் அக்காவின் இதயத் துடிப்பு ரொம்பவும் மெதுவாகிப் போய், இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மோட்டாரிலிருந்து கையெட்டும் தூரம் தள்ளி நின்றால் மில்லை நடத்தலாம் என்று டாக்டரே சொன்னார். அதற்கென்று ஒரு ஆளைப் போட்டுவிட்டு அக்கா கல்லாவில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் தலைசுற்றல் ஆரம்பித்தது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். ஒருநாள் எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். மில்லில் இருந்த ஆள் ஓடிவந்து தாங்கியிராவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும். ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கரைச் சோதித்துவிட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மெஷினில் கோளாறு இல்லையென்றால் வேறு எதில் கோளாறு? தெரு நிமிர்ந்து பார்த்தது. எதிர்க்கட்டிட மாடியில் புது டவர் நின்றது.

பிறகு என்ன, தினமும் பஞ்சாயத்துதான். பக்கத்துக் கடை ஏலக்காய் வியாபாரி முன்னால் நின்றார். எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர், தெருவுக்கெல்லாம் அண்ணன் முறையில் இக்கா. அக்கா மேல் உண்மையான பாசம் உள்ளவர். அதனாலேயே அவரை அதட்டவும் முடியவில்லை.

"டவரை எடுத்தே ஆகணும் மோளே. ஒரு மனுஷி செத்தாத்தான் கண்ணு தொறப்பீங்களா?" என்றார்.

நான் மீட்டரை எடுத்து வந்தேன். மில் வாசலில் வைத்தேன், மாடியில் வைத்தேன், அக்கா உட்காரும் நாற்காலியிலேயே வைத்தேன். எங்கேயும் வரம்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"மீட்டர் ஆரு தந்தது? கம்பெனிக்காரன் காசுதானே?" என்றார் இக்கா.

"காசு யாரு குடுத்தா என்ன இக்கா, நம்பர் ஒண்ணுதான். அந்த அலை நேரா கீழ கொட்டாது, தலைக்கு மேல தாண்டிப் போகும். டவரைத் தூரக் கொண்டு போனா உங்க பாக்கெட்ல இருக்கற போன்தான் டவரை எட்டத் தொண்டை கிழியக் கத்தணும், அலை உங்க மேலயே கூடும். அதைப் பரவாயில்லன்னு சொல்றீங்களா?"

"படிச்சவங்க இப்படித்தான் பேசுவாங்க," என்று அவர் சாயா குடிக்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கூடப் பரவாயில்லை. அக்காவின் மகன் போனில் தீர்த்தே சொல்லிவிட்டான். மில்லை விற்க ஆள் பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை டெம்போ கொண்டு வருகிறேன், அம்மா என்னோடு வந்து ஓய்வாக இருக்கட்டும் என்றான். அக்கா சரி என்றாள். எதற்கும் பயப்படாத என் அக்கா, எதிர்மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்டி, இனி இங்க இருக்க எனக்கு தைரியமில்ல," என்றாள். மில்லை விட்டால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். ஃப்ளாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிறந்தவள் இல்லை அவள்.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் காலையில் மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து, கவரைத் திறந்து, இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, வலது காதில் வைத்துப் பேசினாள். முடித்ததும் என்னை ஒரு பெருமையோடு பார்த்தாள்.

"டாக்டர் சொன்னாராக்கும், வலது காதுல வெச்சுத்தான் பேசணும், மெஷின்லேந்து ஒரு ஜாணாவது தள்ளி இருக்கணும்னு. நான் ஒருநாளும் தப்பினதில்ல, கேட்டியா."

சொல்லிக்கொண்டே போனை மூடி, ரவிக்கையின் இடது பக்கத்தில் செருகப் போனாள். அவள் வளையலில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். அதில் ஒன்று தானாகத் துள்ளிப் போய்க் கவரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, கொஞ்சம் நில்லு. இது என்ன?"

"அது எப்பவும் அப்படித்தான் ஒட்டும். நல்ல கவர். ஆப்பரேஷன் கழிஞ்சு வந்தப்போ போனோட சேத்து என் மோன் வாங்கித் தந்தது."

மூடி தானாகத் திறக்காமலிருக்க வைத்த காந்தம். கைநகம் அளவுதான் இருக்கும், ஆனால் நல்ல பிடிப்பு. அது மெஷினுக்கு நேர் மேலே காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறது!

"எடீ மகராசி! பேசறப்போ ஒரு ஜாண் தள்ளி வெச்சே. பேசி முடிச்சதும் மெஷின் மேலேயே வெச்சா?"

"பேசி முடிச்சா அப்புறம் என்ன? போன்தான் அடங்கிடுச்சே!" என்றாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது எனக்கு. அப்புறம் அவளே மெதுவாகச் சொன்னாள்: "மில் ஓடறப்போ மணியடிச்சா காதுல விழுமாடீ? நெஞ்சுல அதிர்ந்தாத்தானே அவன் கூப்பிடறது தெரியும்."

இந்தத் தெருவில் மில்லிலும் கிடங்கிலும் வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் போனை அங்கேதான் வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அக்காவுக்கு அடியில் பேஸ்மேக்கர் இருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேஸ்மேக்கர் பார்க்கும் பெண் நான் சொன்னதைக் கேட்டதும் தலையாட்டினாள். காந்தம் பக்கத்தில் வந்தால் மெஷின் இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, தன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் துடிக்கவைக்கும், விலகியதும் பழையபடி ஆகிவிடும் என்றாள். அதனால்தான் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சோதனைக்குப் போகும்போது போனை வாங்கி என் பையில்தானே போட்டுக்கொள்வேன்! அவள் கம்பிகளை மாட்டி, திரையைப் பார்த்தபடி கவரை அக்காவின் நெஞ்சருகே கொண்டுபோனாள். அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இதேதான்! அய்யோ, இதேதான் எனக்கு வர்றது!"

கவர் குப்பைக்குப் போனது. போன், இடுப்பில் கட்டும் துணிப்பைக்குப் போனது. அங்கேயும் அதிர்வு தெரிகிறது என்று அக்கா சோதித்துப் பார்த்தே ஒப்புக்கொண்டாள். அதன்பின் ஒருநாளும் தலை சுற்றவில்லை. நான் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தேன். இக்கா மட்டும், "சரி, இவ காரியம் காந்தம். என் முட்டுவலிக்குக் காரணம் டவர்தான்," என்றார். மனிதர் விடுவதாக இல்லை.

மகனிடம் போனில் சொன்னதை அவன் நம்பவில்லை. சித்தி டவர் கம்பெனிக்காக ஏதோ சமாளிக்கிறாள் என்று நினைத்திருப்பான். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை டெம்போவோடு வந்து நின்றான். அக்கா அவனை உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்றுவிடாமல் தானே சொன்னாள். கவர் என்றதும் அவன் முகம் செத்துவிட்டது.

"நான் வாங்கித் தந்ததாம்மா?"

"உனக்கு எப்படிடா தெரியும்? எனக்கே தெரியல."

அவன் வாசலில் நின்ற டெம்போவைப் பார்த்தான். "அங்க பகல் முழுக்க நீங்க தனியாத்தான்மா இருந்திருப்பீங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்போம். உள்ள பூட்டிட்டு இருங்கன்னு வேற சொல்லியிருப்பேன்."

டவரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து அக்காவை வழியனுப்பி வைத்திருப்போம். அந்தக் கவர் அவள் நெஞ்சோடு கூடவே போயிருக்கும். இங்கே சாய்ந்தபோது தாங்க ஆள் இருந்தது.

அக்கா எழுந்து அவன் தலையில் கைவைத்தாள். "வந்த வண்டி காலியாப் போக வேண்டாம். மல்லிப்பொடி கட்டி வெச்சிருக்கேன், உன் ஃப்ளாட்காரங்களுக்குக் குடுத்து ருசி பார்க்கச் சொல்லு. போ, தூக்கு."

அவன் கண்ணைத் துடைக்காமலேயே மூட்டையைத் தூக்கினான்.