தலைவிக்கும் காய்ச்சல் வரும்

றக்வானைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்றபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் என்னைத் தலைவியாக்கினார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதுதான் காரணம். நானாகக் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஒரு வருடத்துக்குள் தோட்டத்து வில்லங்கமெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. பகலில் மலையில் கொழுந்து. இறங்கி வந்தால் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் பேச்சு, பொலிஸ், கிராம சேவகர் கந்தோர், யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. பீலித் தண்ணீரில் துணி துவைக்கும்போதுகூட ஒருவர் வந்து கடிதத்தை நீட்டினார். பழைய தலைவர் சாப்பிடுகிற நேரத்தில் அவர் வாசலில் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு மழைநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். இரண்டு பேர் நேரே எங்கள் லயத்து வீட்டின் காம்பராவுக்குள், நான் படுத்திருந்த அறைக்கே, வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றார் ஒருவர். மற்றவள் சிங்களப் படிவம் ஒன்றை என் போர்வை மேலேயே வைத்தாள். உடம்புக்கு என்ன என்று இருவரும் கேட்கவில்லை. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர், "தலைவின்னா அப்படித்தான். இன்னும் சோறாக்கலியா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காய்ச்சலே மறந்துபோனது.

அடுத்த ஞாயிறு கோயிலடிக் கூட்டத்தில் எழுந்து, எல்லாவற்றையும் ஒருத்தியால் பார்க்க முடியாது என்றேன். சங்கக் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"பொம்பளைக்கு இது சரிவராதுன்னு நாங்க அப்பவே சொன்னோமே."

"முன்ன இருந்த தலைவருக்கு சோறாக்கிப் போட்டது யாருங்க?" என்று கேட்டேன். "அவரு துணியத் தொவச்சது யாரு? அவரு கொழுந்தும் எடுத்துக்கிட்டா சங்கத்தப் பாத்தாரு?"

பின்னாலிருந்து ஒரு பெண், "விடாதீங்க அக்கா, கேளுங்க" என்றாள்.

அங்கேயே வேலையைப் பிரித்தேன். குழாயும் ரோட்டும் கமிட்டி ஆண்களுக்கு. படிவங்களுக்கு, உயர்தர வகுப்புவரை படித்த இரண்டு பெண்பிள்ளைகள். துரையோடும் பொலிஸோடும் பேசுவது மட்டும் நான். அதற்கும் நான் குளித்துச் சாப்பிட்ட பிறகே வரவேண்டும் என்றேன்.

இரண்டு வாரம் எனக்குத் தலைக்கனம் என்று லயமெல்லாம் பேச்சு. பிறகு குழாயை ஆண்களே சரிசெய்தார்கள். ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் இப்போது பருப்பு வேகவைக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

போன மாதம் அந்தப் பெரியவர் என்னை நிறுத்தி, "இப்பதாம்மா நீ ஒழுங்கா வேல செய்ற" என்றார். முந்திய ஒரு வருடம் நான் ஓடியதெல்லாம் அவர் கண்ணுக்கு வேலையாகவே தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.