பட்டைக் கயிறு

ஏரிக்கரையிலிருந்து இறங்கி நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு விசில். பேன்ட் பாக்கெட்டில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னிய பிளாஸ்டிக் பட்டை. பென்னலூர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஊரை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் கிளம்பியவன். ஓட்டல், செங்கல் சூளை, மீன்பிடிப் படகு, பிறகு நான்கு வருடம் கடற்கரையில் குளிக்க வருகிறவர்களைக் காக்கும் வேலை. எங்கே இருந்தாலும் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். யாரும் தேடியதில்லை. இந்த முறையும் தேட மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் இந்த முறை நான் போவதால் ஒரு பெண்ணின் தலையில் பழி நிற்கும். அதுவும் தெரிந்துதான் நடந்தேன்.

மூன்று நாளுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஏரியில் ஒருவன் முழுகிச் செத்தான். கரையில் நின்ற பதினாறு வயதுப் பெண் காப்பாற்றத் தெரிந்தும் வேடிக்கை பார்த்தாள் என்று ஊர் சொன்னது. அவள் பார்க்க மட்டும் செய்யவில்லை. கயிறு வீசினாள். கயிறு கைவிட்டது. அந்தக் கயிற்றைக் கட்டியவன் நான்.

இந்தப் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கார் சீட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் நைட் ஷிப்ட் பார்த்தேன். நான் கடற்கரையில் வேலை பார்த்தவன் என்று எப்படியோ கேள்விப்பட்டு, அரசுப் பள்ளியின் விளையாட்டு டீச்சர் என் அறைக்கே வந்தார். முந்தின வருடம் அவர் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் அந்த ஏரியில் முழுகிப் போயிருந்தார்கள். கோடையில் ஏரி வற்றும்போது கம்பெனி மனைகளை மேடாக்க லாரி லாரியாக மண் எடுத்திருக்கிறார்கள். மழை வந்து நிரம்பினால் மேலே எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் இருப்பான். பள்ளத்தின் விளிம்பு சுவர் மாதிரி நிற்கும். பிடித்து ஏற எதுவும் இருக்காது.

டீச்சர் ஒன்பது பேரைச் சேர்த்துக் கொடுத்தார். பத்தாவதும் பதினொன்றாவதும் படிக்கிறவர்கள், அந்தப் பெண் உட்பட. ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்தது கடல்தான். அதனால் அதையே சொல்லிக் கொடுத்தேன். மண்ணில் கோடு போட்டு, அலைக்கு நடுவில் உள்ளே இழுக்கிற நீரோட்டத்தைக் காட்டினேன்.

"ண்ணா, இங்க அலையே கெடையாது. அலைக்கு இன்னாத்துக்கு பாடம்?" என்றான் ஒருவன்.

"கடல்ல அந்த இழுப்பு எப்படியோ, இங்க குழி அப்படி. மேல பாத்தா தெரியாது."

முழுகுகிறவன் கத்த மாட்டான், கையை ஆட்டிக் கூப்பிட மாட்டான், வாய் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் போய் வரும், சத்தமே இருக்காது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அப்ப எங்க கணக்கு சாரு முழுகுனா கண்டே புடிக்க முடியாதுண்ணா, அவுரு கரைலயே அப்படித்தான் கீறாரு" என்றாள் அந்தப் பெண். அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவள்தான் அவர்களில் நன்றாக நீந்துவாள். அதனால் அவளிடம்தான் அதிகமாகச் சொன்னேன். முதலில் கம்பு நீட்டு. எட்டாவிட்டால் கயிறு வீசு. ஆள் அனுப்பு. விசில் அடி. நீ மட்டும் இறங்காதே. முழுகுகிறவனுக்கு நீ ஆள் இல்லை, ஏணி. உன்னை மிதித்து ஏறுவான். குழிக்கு மேலே என்றால் இரண்டு பேரும் போவீர்கள். கடற்கரையில் அப்படி இரண்டு பிணங்களை ஒன்றாக எடுத்திருக்கிறேன். ஒருவன் இன்னொருவன் கழுத்தைக் கட்டியிருந்தான். அதையும் சொன்னேன். "எத்தினி தபா சொல்லுவ, எறங்க மாட்டேன்ணா" என்று கடுப்பாகிவிட்டாள்.

கரையில் இருக்கும் வேல மரத்தில் ஒரு கொக்கி அடித்து, காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி மாட்டி வைத்திருந்தோம். யாருக்கு ஆபத்து என்றாலும் எடுத்து வீசலாம். டீச்சர் வாங்கிக் கொடுத்த நீல நைலான் கயிறு. அறுபது அடி. ஐப்பசியில் காற்று அடித்து என் அறையின் கூரைத் தகரத்தைத் தூக்கியது. அந்தக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்து தகரத்தைக் கட்டினேன். ஒரு வாரத்துக்கு என்று நினைத்தேன்.

மரத்தில் கயிறு இல்லாமல் விட முடியாது. இங்கே எல்லோர் வீட்டிலும் கம்பெனிப் பட்டை இருக்கும். பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வருகிற மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை. அதில்தான் துணி காயப்போடுவார்கள், கட்டில் பின்னுவார்கள், ஆட்டுக்குப் பட்டி கட்டுவார்கள். கையால் அறுக்க முடியாது. அதனால் அதைவிட உறுதியான பொருள் உலகத்தில் கிடையாது என்று எல்லோருக்கும் நினைப்பு. அந்தப் பெண்ணின் அம்மா பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவர். வெட்டிப் போட்ட பட்டைகளை ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். மூன்று மூன்றாகப் பின்னினேன். நீளம் போதாமல் இரண்டு பின்னலை நடுவில் முடிச்சுப் போட்டு இணைத்தேன். பையன்கள் இரண்டு பேர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று தரையில் இழுத்துப் பார்த்தோம். நின்றது.

கம்பெனியில் அந்தப் பட்டைக்கு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தகரக் கிளிப்பு வைத்து நசுக்குவார்கள், இல்லையென்றால் சூடு வைத்து ஒட்டுவார்கள். தினமும் பார்த்தேன். ஏன் என்று கேட்டதில்லை. படகில் இருந்தபோது எந்த முடிச்சையும் தண்ணீரில் முக்கி இழுத்த பிறகுதான் நம்புவோம். அதையும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு காலை மழை. பயிற்சி இல்லை. பட்டைக் கயிறு ஒருமுறைகூட நனையாமல் மரத்தில் தொங்கியது.

அன்று பிற்பகல் வெயில் வந்துவிட்டது. தெற்கேயிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு கம்பெனிப் பையன்கள் வார லீவுக்குக் குளிக்க வந்தார்கள். ஒருவன் தண்ணீரில் நடந்துகொண்டே போய்க் குழியில் இறங்கிவிட்டான். மற்றவனுக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பெண் தோழி ஒருத்தியுடன் கரைமேல் போய்க்கொண்டிருந்தாள். அவன் சத்தம் போடாததை அவள்தான் கவனித்திருக்கிறாள். தோழியை என்னிடம் ஓடச் சொல்லிவிட்டு மரத்துக்கு ஓடினாள். முதல் வீச்சு குறைந்தது. இரண்டாவது வீச்சில் கேன் அவன் தலையைத் தாண்டி விழுந்து கயிறு அவன் கைக்கு வந்தது. பிடித்துக்கொண்டான். கையில் சுற்றிக்கொண்டான். அவளும் அந்த நண்பனும் சேர்ந்து இழுத்தார்கள். சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறாள். பாதி தூரம் வந்ததும் நடு முடிச்சு வழுக்கி விட்டது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். கேன் அவனுக்குப் பின்னால் பத்தடியில் மிதந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் நம்பியிருந்தான்.

அவள் விசில் அடித்துக்கொண்டே நின்றாள். இறங்கவில்லை.

தூக்கத்திலிருந்து எழுந்து நான் ஓடி வந்தபோது தண்ணீர் சும்மா இருந்தது. கேனிலிருந்து கீழே போன பட்டையைப் பிடித்து முங்கினேன்; அடிச்சேற்றில் அது சிக்கியிருந்தது, நான்காவது முறைதான் கிடைத்தான். கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினேன், ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். பிரயோஜனம் இல்லை. அவன் வலது கையில் பட்டை மூன்று சுற்று இருந்தது. அதன் முனை அறுபடவில்லை. முடிச்சு இருந்த இடத்தில் சுருண்டு, முழுசாக இருந்தது. அதை அவிழ்த்து, கேன் பக்கம் போன மீதியைப் பாட்டில் சில்லால் வெட்டிவிட்டு, என் பாக்கெட்டில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை என்று எழுதலாம். பொய். யோசித்தேன்.

போலீஸ் வந்தபோது எல்லோரும் கயிறு அறுந்துவிட்டது என்றார்கள். நான் தலையாட்டினேன். செத்தவனின் நண்பன் மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"ஒனக்கு நீந்தத் தெரியும்லா? பொறவு ஏன் எறங்கல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிணத்தின் மேல் துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் தெருக் குழாயடியில் அந்தக் கேள்விதான். "ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம போயி கத்துக்கினு வந்துச்சே, இன்னாத்துக்கு? நின்னுகினு பாக்கவா?" அவள் பள்ளிக்குப் போகவில்லை. பயிற்சியை நிறுத்தும்படி டீச்சருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மூன்றாம் நாள் நான் பையை எடுத்தேன்.

நெடுஞ்சாலை நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நான்கு பெண்கள் நின்றார்கள். செகண்ட் ஷிப்ட். அவர்களிடமிருந்து தள்ளி, தனியாக, அந்தப் பெண்ணின் அம்மா. நீல கோட்டும் டிபன் பையும். குனிந்து கடந்துவிடலாம் என்று பார்த்தேன்.

"எங்கப்பா பையோட?"

"தண்டலம் பக்கம் போறேங்க்கா. வேலை தேடி."

"போறதுக்கு மின்னாடி அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். சோறே துன்ன மாட்டேங்குறா. நான் குதிச்சிருந்தா அவன் பொழைச்சிருப்பான், குதிச்சிருந்தா பொழைச்சிருப்பான்னு அதையே சொல்லிக்கினு கீறா. நீ சொன்னா கேப்பா."

பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது. அது வந்து அவர் ஏறிவிட்டால் எனக்கு வசதி. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. பட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இது அவன் கையில இருந்தது. அறுந்து போகலக்கா. முடிச்சு அவுந்துடுச்சு. நான் போட்ட முடிச்சு. நல்ல கயித்த எடுத்து என் தகரத்துக்குக் கட்டிட்டேன்."

அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கொண்டாந்து குடுத்த பட்டதானே இது" என்றார்.

"பட்டைல தப்பு இல்லக்கா."

"இத்த மூணு நாளா பாக்கெட்ல வச்சிக்கினு கீறியா நீ? அவ வூட்டுக்குள்ள கெடந்து சாவறா, நீ பாக்கெட்ல வச்சிக்கினு கீறியா?"

பஸ் வந்து நின்றது. மற்ற பெண்கள் ஏறினார்கள். அவர் ஏறவில்லை. "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நட. அவ எதுருல சொல்லு. கொயாயண்ட கீறவங்க எல்லாரு எதுருலயும் சொல்லு" என்று என் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பை அவரிடம் இருந்ததால் போனேன் என்றும் சொல்லலாம்.

குழாயடியில் நின்று சொன்னேன். ஐந்தாறு பெண்கள், ஒரு கிழவர், சைக்கிளில் வந்த இரண்டு பேர். எவரும் அடிக்கவில்லை. ஒரு பெண்மணி குடத்தை நகர்த்திக்கொண்டு, "இவன நம்பி புள்ளைங்கள அனுப்பினோமே" என்றார். அது சரிதான். பிறகு அவர்கள் எதிரிலேயே செத்தவனின் நண்பனுக்குப் போன் போட்டேன். உடலோடு ஊருக்குப் போயிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"இப்பம் சொல்லி என்ன செய்ய? அவன் போயிட்டாம்லா" என்றான். பிறகு, "அந்தப் புள்ளகிட்ட நான் கேட்டத மனசுல வச்சிக்கிட வேண்டாம்னு சொல்லிருங்க."

அவள் குழாய்க்கு எதிரே தன் வீட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் குதிச்சிருந்தா?" என்றாள்.

"நீயும் போயிருப்ப. நான் ரெண்டு பேர எடுத்திருப்பேன்."

"முடிச்ச தண்ணில போட்டு இசுத்துப் பாத்தியாண்ணா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்டது போல ஆட்டினாள். "நைலான் கயிறு எங்க?"

என் அறைக்குப் போய்த் தகரத்தின் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கவில்லை. கீழே வை என்றாள். வைத்தேன். வேறு ஒரு கேனில் அவளே கட்டினாள். வாளியில் முக்கினாள். கேனைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். மறுபடி முக்கினாள், மறுபடி இழுத்தாள். பிறகு அம்மாவும் அவளுமாக எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. என் பை அவர்கள் வீட்டுத் திண்ணை மேல் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இதையே மறுபடி சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. லாரி நிற்கும் இடத்தில் ஒரு கிளீனரின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

காலையில் அங்கேயே வேலை கிடைத்தது. வடக்கே போகும் லாரிகளில் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டுகிற வேலை. மேஸ்திரி ஒரு கயிற்றுச் சுருளை என் காலடியில் போட்டார்.

"முடிச்சு போடத் தெரியுமாய்யா?"

"தெரியாது, காட்டுங்க" என்றேன்.