பொட்டு வைத்த பேட்டரி

எண்ணூர் பக்கத்து மீட்டர் கம்பெனியை மூடியபோது பீம்ராவுக்கு முப்பத்தொரு வயது. பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தவர். அரிசிக் குருணை அளவுள்ள பாகத்தையும் நடுங்காமல் பிடிக்கிற கை. அந்தக் கையைத் தவிர கம்பெனி அவரிடம் வேறெதையும் விட்டுவைக்கவில்லை. காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் இடம் பிடித்து செல்போன் ரிப்பேர் கடை போட்டார். உள்ளே எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் யார் வந்தாலும் உட்கார்ந்தபடியே பேசுவார். புதிதாக வருகிறவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அந்தக் கடைக்கு பி.எஸ்.பி.கள் வர ஆரம்பித்தன. கப்பலுக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் வாங்கிவந்த, இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற கறுப்புப் பெட்டிகள். கம்பெனி விற்கிற வட்டைப் போட்டால்தான் அதில் ஆட்டம் ஓடும். உள்ளே இருக்கும் பூட்டைத் திறந்துவிட்டால் மெமரி கார்டிலேயே பத்துப் பதினைந்து ஆட்டங்களை ஏற்றிவிடலாம். எங்கெங்கோ இருக்கிற ஆர்வக்காரர்கள் தாங்களே எழுதி சும்மா கொடுத்திருக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களையும் போடலாம். இதையெல்லாம் பீம்ராவ் பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டார்.

சூட்சுமம் முழுக்க பேட்டரியில். ஒரு பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருக்கும் சில்லின் ஒரு கம்பிக் காலை மட்டும் தூக்கிவிட வேண்டும். பிறகு அந்தப் பேட்டரியைப் போட்டால், கம்பெனிக்காரனின் சொந்த ரிப்பேர் மேசைக்கு வந்துவிட்டோம் என்று பெட்டி நம்பிவிடும். தானாகவே விழித்துக்கொண்டு, கார்டில் இருப்பது என்ன சொல்கிறதோ அதைச் செய்யும். பீம்ராவ் அதற்கு சாவி பேட்டரி என்று பெயர் வைத்திருந்தார். பார்வைக்கு மற்ற பேட்டரிகளுக்கும் அதற்கும் துளி வித்தியாசம் தெரியாது. அடையாளத்துக்காக மனைவி கார்குழலியின் அட்டையிலிருந்து ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினார்.

"பேட்டரிக்குப் பொட்டு வெச்சு அழகு பாக்குற. எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாந்து எத்தினி நாளாவுது?" என்றாள் கார்குழலி.

கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததில்லை. பூட்டு என்று ஒன்று இருந்தால் திறக்கிறவன் ஒருவன் இருப்பான் என்பதோடு அந்த விஷயம் அவருக்கு முடிந்துவிட்டது. அவரை உறுத்தப்போவது வேறாக இருந்தது.

எதிர் வரிசையில் குடியிருந்த மலர்க்கொடி, தேரடி பக்கம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். கார்குழலிக்கு தண்ணீர் லாரி சிநேகிதி. யார் முதலில் போனாலும் இரண்டு பேர் குடத்தையும் வரிசையில் வைப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூடையில் துண்டு சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"ணா, கொயந்தைய தூக்கியாற மாதிரி தூக்கியாந்துகீறேன். பாத்து வாங்கு."

பி.எஸ்.பி.தான். மூன்றாம் மாடி செல்லக்கனியம்மாளுடையது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கணவர் தவசிமுத்து கப்பலில் என்ஜினியர், போய் நாலு மாதம் ஆகிறது.

"இன்னா வோணுமாம்?"

"கேமு போடணுமாம். அப்பால ஒரு கடியாரம் கீதாமே, ரெண்டு ஊரு நேரத்தையும் ஒண்ணா காட்டுமாம். அய்யாவுக்கு அங்க இப்போ இன்னா மணின்னு பாக்கணுமாம். தூங்கிகினு இருக்கும்போது போன் பண்ணி எய்ப்பிட்டா பாவம்னு அந்தம்மாவுக்கு."

"என்னை எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

"நான்தான் சொன்னேன். எங்க தெருவுல ஒருத்தரு கீறாரு, செத்துப்போன மெஷினக்கூட எய்ப்பி வுட்டுடுவாருன்னு."

அவளை எதிரிலேயே உட்காரவைத்து வேலையை முடித்தார். சாவி பேட்டரியைப் போட்டுப் பூட்டைத் திறந்தார். நாலு ஆட்டங்களும் அந்தக் கடிகாரமும் ஏற்றினார். அந்த அம்மாளின் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அதனால் பேட்டரி இல்லாமலே சார்ஜர் வயரைச் செருகி ஓட்டிக் காட்டினார். திரையில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. மலர்க்கொடி வாயில் கைவைத்துப் பார்த்தாள். மேசையில் கிடந்த பேட்டரியை எடுத்துப் போட்டு மூடியைத் தள்ளினார். மின்விசிறிக் காற்று படிக்கட்டுக்குக் கீழே எட்டாது. மணிக்கட்டு வரை வியர்த்திருந்தது.

"வூட்டுக்குப் போனதும் ரெண்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லு."

மறுநாள் மலர்க்கொடி திரும்பி வந்தபோது கையில் கூடை இல்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"ணா, சார்ஜ் போட்டாங்க. பச்ச லைட்டு எரியுது, படமே வர்ல. நான்தான் கீய போட்டுட்டேன்னு சொல்லுது அந்தம்மா."

பச்சை விளக்கு எரியும், படம் வராது. தனக்குரிய கார்டு இல்லாத பெட்டியில் சாவி பேட்டரியைப் போட்டால் ஆவது அதுதான். பீம்ராவுக்கு அது அந்த நிமிஷமே தோன்றாமல் இல்லை. கையை நீட்டி தகர டப்பாவைத் திறந்தார். சாவி பேட்டரி இருக்க வேண்டிய மூலையில் ஒரு பேட்டரி இருந்தது. இருக்கிறதே என்று மூடிவிட்டார். வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. கழற்றிவைத்த ஒருவருடைய போன் மேசையில் கிடந்தது, இன்னொருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நான் குடுக்கும்போது நல்லாதானே ஓடிச்சு? நீயே பாத்தே இல்ல? வயில எங்கனா இடிச்சிகினியா? ஷேர் ஆட்டோல எவனாச்சும் அது மேல குந்திட்டானா?"

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

"நான் நடந்துதான்ணா போனேன்," என்றாள் மலர்க்கொடி.

சாயங்காலம் செல்லக்கனியம்மாள் போன் செய்தாள். கொடுத்தனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன் என்றார் பீம்ராவ். "இனிமே யாரு கையிலயும் குடுக்கதா இல்ல. அவுக வந்ததும் சிங்கப்பூர்லயே காட்டிக்கிடுதோம்," என்றாள். பிறகு ஒன்று கேட்டாள். "உண்மையச் சொல்லுங்க. உங்க கடையில இருந்து போகும்போது நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. வியாழக்கிழமை மலர்க்கொடியை நிறுத்திவிட்டார்கள். பொருளை உடைத்தது போகட்டும், இல்லை என்று சாதிக்கிறாளே என்ற பேச்சு மாடிப்படியில் ஏறி இறங்கியது. சனிக்கிழமைக்குள் மற்ற இரண்டு வீடுகளும் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கார்குழலி துணிக்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"யோவ், இங்க வா. இது இன்னா?"

பீம்ராவின் நீலச் சட்டை. முழுக்கைச் சட்டையின் மடித்த விளிம்புக்குள்ளே ஒரு மெரூன் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ பொட்டுய்யா இது? படிக்கு அடியில குந்திகினு ரிப்பேர் பண்றேன்னு இன்னாத்த பண்ணிகினு கீறே?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அது தன் பொட்டு என்று அவளுக்கே தெரியும். பீம்ராவ் சிரிக்கவில்லை. அந்த நீலச் சட்டையை அவர் போட்டது செவ்வாய்க்கிழமை.

கடைக்குப் போய் டப்பாவைத் திறந்தார். மூலையில் இருந்த பேட்டரியில் பொட்டு இல்லை. பழைய பெட்டி ஒன்றில் அதைப் போட்டுச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். சாதாரண பேட்டரி மாதிரி சமர்த்தாக வேலை செய்தது. செல்லக்கனியம்மாளுடையது. சாவி பேட்டரி அவளிடம் போயிருக்கிறது. அன்றைக்குப் பூட்டைத் திறந்த வேலையோடு அதில் சார்ஜ் தீர்ந்துபோனதால் கடையில் தானாக விழிக்கவில்லை. வீட்டில் சார்ஜ் ஏறியதும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

பேட்டரியை மாற்றிப்போட்டால் தீர்ந்தது. அரை நிமிஷம் ஆகாது. பீம்ராவ் அந்த அரை நிமிஷத்துக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒரு போன் அவசரமாகத் தர வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். பேட்டரியில் கோளாறு, கம்பெனிப் பொருளே அப்படித்தான் என்று சொல்லி மாற்றிவிட்டு வந்துவிடலாம். யார் தப்பும் இல்லாமல் போகும். ஆனால் மலர்க்கொடி? அவள் மேல் விழுந்தது அவள் மேலேயே இருக்கும். புதன்கிழமை அவள் எதிரே வந்ததைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். செருப்பு காலில்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை சோற்றைப் போட்டுக்கொண்டே கார்குழலி சொன்னாள்: "மலரு காத்திவாக்கத்துல எறா உரிக்கிற கொட்டாய்க்குப் போவுது. கையப் பாத்தியா? ஐஸுல ஊறி ஊறி வெரலெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. கொடம் புடிக்க முடியல, நான்தான் தூக்கி வெச்சேன்."

பீம்ராவ் பிசைந்த சோற்றை எடுக்காமல் இருந்தார்.

"இன்னா, உப்பு இல்லியா?"

சொல்லிவிட்டார். பொட்டிலிருந்து போன் வரைக்கும். கார்குழலி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஞாத்திக்கெயமயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நாலு நாளா அவ மூஞ்சியப் பாத்துகினு நான் தண்ணி புடிக்கிறேன். நீ தெரிஞ்சுகினு துன்னுகினு கீறே." தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தாள். "எய்ந்திரு. சட்டையப் போடு."

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது ஒரு புது வேலைக்காரப் பெண். செல்லக்கனியம்மாள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பீம்ராவ் நின்றபடியே மூடியைத் தள்ளி பேட்டரியை மாற்றினார். திரை வெளிச்சமானது. இரண்டு கடிகாரங்கள். கப்பலில் அப்போது அதிகாலை மணி மூன்று.

"ஐயோ," என்று அவள் சந்தோஷப்பட்டாள். "என்ன செஞ்சீங்க?"

"இது என் பேட்டரிம்மா. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். மலர்க்கொடி கீழ போடல. அன்னிக்கு போன்ல நல்லா இருந்துச்சுன்னு சொன்னேனே, டப்பாவைச் சரியா பாக்காமலே சொன்னேன்."

செல்லக்கனியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பெண் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"போடலன்னு அவ சத்தியம் பண்ணாத கொறையா சொன்னா," என்றாள் கடைசியில். "எனக்கு இதைப் பாக்காம இருக்க முடியலங்க. ஆத்திரத்துல... இப்ப இந்தப் பொண்ணு வந்துட்டா. ஒரு வாரத்துல இவள எப்படிப் போகச் சொல்லுவேன்? நீங்களே அவகிட்ட சொல்லிருங்க."

பீம்ராவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. இறங்கும்போது இரண்டாம் மாடியில் ஒரு கதவும் முதல் மாடியில் ஒரு கதவும் மூடியிருந்தன. மலர்க்கொடி வேலை செய்த மற்ற இரண்டு வீடுகள். அவருக்குத் தெரியும். வேகமாக இறங்கிவிட்டார்.

சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. பதினைந்து பெண்கள் வரிசையில். கடையில் நாலு பேர் முன்னால் கேட்டதை வீட்டுக்குள் தனியாக அழைத்துச் சொல்லக் கூடாது என்று கார்குழலி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மலர்க்கொடி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பீம்ராவ் அருகில் போய் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வரிசையே திரும்பிப் பார்த்தது.

மலர்க்கொடி குடம் நிறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இப்போ ஓடுதா அது?"

"ஓடுது."

"கடியாரம் வருதா?"

"வருது."

"நீ கேட்டதுக்கு அப்பால எனக்கே டவுட்டு வந்துச்சுண்ணா. எங்கனா இடிச்சோமான்னு கூடையத் தொறந்து தொறந்து பாத்துகினு இருந்தேன்." குடத்தை நகர்த்தினாள். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. அந்தக் கீய் வூடு ரெண்டுலயும் சொன்னியா?"

பீம்ராவ் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"சொல்லல. கதவ மட்டும் பாத்துட்டு வந்துகீறே." கார்குழலியிடம் திரும்பினாள். "கா, என் கொடத்தப் பாத்துக்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வா. நானும் வரேன். நீ சொல்றத நான் கேக்கணும்."

கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்ற சாலையைத் தாண்டி இரண்டு பேரும் நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். கட்டடத்தின் வாசலில் அவள் ஒரு நொடி நின்று முடியை ஒதுக்கிக்கொண்டாள். முதல் மாடிக் கதவின் மணியை அவளே அழுத்தினாள். உள்ளேயிருந்து தொலைக்காட்சியில் யாரோ அழுகிற சத்தம் வந்தது. கதவு திறந்தது. வீட்டம்மாள் மலர்க்கொடியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

பீம்ராவ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அம்மா, போன வாரம் மேல் வூட்டு மிசினு..."

"சத்தமா சொல்லுணா," என்றாள் மலர்க்கொடி. "உள்ள டி.வி. ஓடிகினு கீது."