பன்னிரண்டு நாள் வெயில்

என் மாமாவின் பிழைப்பைக் கெடுத்தது நான்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு, தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு செய்துகொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் போர்டு. அதை ஓட்டிக் காட்டினால் வேலை தருவதாக மதுரையில் ஒரு கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். புரோகிராம் முழுவதும் ஒரு சிப்பில் இருந்தது. சென்னையில் ஒரு சிநேகிதர் எழுதிக் கொடுத்தது. சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி, கண்ணாடிமேல் கறுப்பு டேப்.

"அதப் பிச்சிராத மருமவனே. வெயிலு பட்டா எழுதினதெல்லாம் அழிஞ்சு போவும்" என்று சொல்லித் தந்தவரும் மாமாதான்.

பள்ளிக்கூடம் போகாமல் நான் ஐந்தருவியில் குளித்ததை அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா பெல்ட்டால் அடித்தார். மறுநாள் மாமா ஒரு கல்யாண வேலையாக இரண்டு வாரம் வீரகேரளம்புதூர் போனார். நான் டேப்பை உரித்தேன். தினமும் காலையில் போர்டை மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் வெயிலில் வைத்தேன்; சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்தேன். முதல் நாள் கோபம் இருந்தது. நாலாம் நாள் அடிபட்ட தடம்கூட இல்லை. ஆனாலும் பன்னிரண்டு நாள் வைத்தேன். பிறகு டேப்பை ஒழுங்காக ஒட்டிவிட்டேன்.

மாமா வந்து சுவிட்சைப் போட்டார். விளக்குகள் தாறுமாறாக எரிந்தன. மதுரைக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. "ஈயம் பத்த வைக்கும்போது சூட்டுல சிப்பக் கெடுத்துட்டேன் போலுக்குலே" என்றார்.

ஒரு வழி இருந்தது. அந்த புரோகிராமை மாமா எண்களாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்; அவற்றைப் போர்டின் பொத்தான்களில் அடித்து ஏற்றலாம். ஆனால் சிப்பில் நிற்பதுபோல அவை நிற்காது, ஒரு கணம் கரண்ட் நின்றாலும் எல்லாம் போய்விடும்.

"நான் வாசிக்கேன் மாமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் வாசித்தேன், அவர் அடித்தார். சாயங்காலம் விளக்கு சரியாக எரிந்தது. கரண்டை எடுக்காமலே ஒரு ஸ்கூட்டர் பேட்டரியை மாட்டினார். மறுநாள் முதல் பஸ்ஸில் போர்டு அவர் மடியில், பேட்டரி என் மடியில்.

"அண்ணாச்சி, இது வெடிக்காதுல்லா?" என்றார் கண்டக்டர்.

"வெடிச்சா டிக்கெட் காசத் திருப்பித் தாரும்" என்றார் மாமா. அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ராஜபாளையம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. போர்டில் ஒயர் விட்டுப்போய் விளக்கு அணைந்தது. நான் ஒயரைப் பிடித்து அழுத்தினேன். விளக்கு வந்தது, எண்கள் வரவில்லை. மறுபடி அடிக்க ஒரு நாள் வேண்டும். முதலாளி வரச் சொன்னது பத்து மணிக்கு.

"இதும் நான் பத்த வச்சதுதான். நம்ம கைக்கு இந்த வேல வராதுலே" என்றார் மாமா.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, எனக்குப் பால்கோவா வாங்கித் தந்து, திரும்பும் பஸ்ஸில் என்னோடு ஏறினார். என்மேல் அவருக்குச் சந்தேகமில்லை என்ற நிம்மதியில் அது நன்றாகவே இனித்தது. மதுரைக்கு அவர் பிறகு போகவே இல்லை.

மாமா இப்போது செங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறார். போன வருடம் எங்கள் பரணில் அந்த போர்டும் நோட்டும் கிடைத்தன. எண்களை ஒரு ஃபிளாஷ் சிப்பில் எழுதினேன். இரண்டு முறை தப்பாக எழுதியதில் போர்டு ஓடவில்லை. இந்தக் காலத்துச் சிப், அழித்து எழுத ஒரு நிமிடம் போதும். மூன்றாம் முறை ஓடியது. கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, விளக்கை எரியவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ என் கையில தப்பில்லியா?"

"சிப்புல இல்ல மாமா. ஒயரு விட்டது மட்டும்தான்."

வார்னிஷ் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாம்லே மருமவனே."

காயிலை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து வரும்வரை அந்த விளக்கை அவர் அணைக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பால்கோவா தின்ற பையன், சிப் ஒன்றுதான் அழிந்தது என்று நினைத்திருந்தான்.