பெரிய திரையில் தெரிந்த மீன்

எனக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டு, மானிட்டர் ஒன்றுதான். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் மேஜையின் இடது பக்கம் இருக்கும். நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த, கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில். இரண்டுக்கும் பொதுவாக இருபத்தேழு அங்குல மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதன் பொத்தானை அழுத்தினால் எல்லாம் லேப்டாப்புக்கு. மறுபடி அழுத்தினால் எல்லாம் கேமுக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டுவேன். முப்பத்து நான்கு வயதுப் பெண் கேம் விளையாடுவதா என்று முகம் சுளித்த சொந்தக்காரர்களுக்கு இரண்டு தடவை அழுத்திக் காட்டுவேன்.

நான் ஓர் ஆடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டதும் இங்கே தயாராவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எல்லோர் உயிரையும் வாங்குவதுதான் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்தபடியே வாங்கலாம்.

அந்த வாரம் குழந்தைகளுக்கான டி-ஷர்ட். கருநீலத் துணியில், அதைவிடக் கொஞ்சமே வெளுத்த நீலத்தில் ஒரு மீன். அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குக் கொடுத்திருந்தோம். அங்கே கலர் கலக்கும் மாஸ்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முதல் சாம்பிளைப் படமெடுத்து மெயிலில் அனுப்பினார். போனில் பார்ப்பதெல்லாம் எனக்குக் கௌரவக் குறைச்சல். பையர் தந்த படத்தை லேப்டாப்பின் சின்னத் திரையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரின் படத்தைப் பெரிய மானிட்டரில் திறந்தேன். மீன் பளிச்சென்று இருந்தது. வெளுப்பாக இருக்கிறது, இன்னும் டார்க் பண்ணுங்கள் என்றேன்.

இரண்டாவது சாம்பிளும் வெளுப்பு. மூன்றாவதற்கும் நான் அதையே சொன்னபோது மாஸ்டர் போன் செய்தார்.

"மேடம், கையில வெச்சுப் பார்த்தா மீனே தெரிய மாட்டேங்குதுங்க. இதுக்கு மேலயும் டார்க் பண்ணோணுமுங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யூனிட் ஓனர், எங்கள் மேனேஜர் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "மாஸ்டர், உங்க கண்ணுல ஏதோ கோளாறு. போய் டாக்டரைப் பாருங்க." யாரோ ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். மாஸ்டர் "சரிங்க மேடம்" என்று மட்டும் எழுதினார். நாலாவது சாம்பிள் மானிட்டரில் கச்சிதமாக இருந்தது. ஓகே சொல்லிவிட்டேன்.

பையருக்கு அனுப்பும் முன் துணியை நேரில் பார்த்துவிடலாம் என்று, குழுவில் எழுதிய நாலாம் நாள் அருள்புரம் போனேன். கலர் கலக்குமிடத்தில் வேறு யாரோ நின்றார். மாஸ்டர் எங்கே என்று ஓனரிடம் கேட்டேன்.

"அவருங்களா? நீங்க குரூப்ல சொன்னதுல இருந்து கலர் பக்கமே வர மாட்டேனுட்டாருங்க. இனி என் கண்ணை நம்பி ஒரு பீஸ் கெடக்கூடாதுன்னு அவராவே பேக்கிங்குக்குப் போயிட்டாருங்க. நாலாவது சாம்பிளே இவரு கலக்குனதுதானுங்க."

எனக்குத் திக்கென்றது. இருபத்தைந்து வருடமாகக் கலர் கலக்கியவர் அவர். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சொன்னது சரிதானே என்றுதான் உள்ளே ஓடியது.

ஓனர் சாம்பிளைக் கையில் கொடுத்தார். வெறும் கருநீலத் துணி. திருப்பிப் பார்த்தேன்.

"மீன் எங்கேங்க?"

"இதானுங்க மீன்" என்று விரலால் தடவிக் காட்டினார். தடவினால்தான் தெரிந்தது.

பீஸை மாற்றிக் கொடுக்கிறார் என்று கத்தினேன். அவர் மெயிலில் போன படத்தைத் தன் போனில் காட்டினார். மீன் இல்லை. என் போனில் திறந்தேன். இல்லை. பையில் இருந்த லேப்டாப்பை எடுத்து அதன் சின்னத் திரையில் பார்த்தேன். அதிலும் இல்லை. அந்த மீனை நான் வீட்டு மானிட்டரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது. முதல் சாம்பிள் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம், கேமில் இருட்டு மூலைகளில் பதுங்கி என்னைச் சுடுகிறவர்களைக் கண்டுபிடிக்க, இருட்டை வெளிச்சமாக்குகிற ஒரு செட்டிங்கைக் கடைசி வரை ஏற்றியிருந்தேன். அது கம்ப்யூட்டரில் இல்லை, மானிட்டரிலேயே இருப்பது. பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் மாறும், அது மாறாது. கருநீலத்தில் இருந்ததையெல்லாம் எனக்கு வெளுத்து வெளுத்துக் காட்டியிருக்கிறது. பேக்கிங் பகுதி எந்தப் பக்கம் என்று ஓனரிடம் கேட்டேன்.

மாஸ்டர் பேக்கிங் பகுதியில் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உங்க முதல் சாம்பிள்தான் மாஸ்டர் சரி. தப்பு என் மானிட்டர்ல. மன்னிச்சுக்குங்க. குரூப்லயும் இப்பவே எழுதிடறேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குங்க மாஸ்டர்."

"நாலு நாளா வண்டியத் தொடலீங்க மேடம். பஸ்ஸுலதான் வந்துட்டுப் போறேன். ஆரு மேலயாச்சும் உட்டுட்டா என்ன பண்றதுன்னு."

டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன்.

"அன்னிக்கே போனேனுங்க. கண்ணு சுத்தமா இருக்குது, ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாருங்க. நான்தான் நம்பலீங்க. டாக்டரு ஒரு தடவைதான் பார்த்தாரு, மேடம் மூணு தடவை பார்த்துச் சொல்லியிருக்காங்களேன்னு நினைச்சுட்டனுங்க."